பிரியாணிக்கு மறுநாள் காலை

காட்சி: வேலூர்க் கோட்டை. விடிந்தும் விடியாத நேரம். அகழியோரம் நடப்பவர்கள்.

குரல்: ஜனவரி முதல் வாரம் இங்கே வந்தால் புதுக் காலணிகள் கண்ணில் படும். பொங்கல் கழிந்து வாருங்கள், பழைய முகங்கள்தான். வராமல் போனவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காட்சி: ஆம்பூர், கல்யாண மண்டபம். இலையில் சீரகச் சம்பா பிரியாணி, பக்கத்தில் எண்ணெய் கத்திரிக்காய்.

குரல்: இரண்டாம் முறை பரிமாறியதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. கை கழுவ எழும்போது அத்தை கேட்கிறார்: "என்னடா, இன்னும் பெருத்துவிட்டாயே?" பாசமாகத்தான் கேட்கிறார், தொல்லையே அதில்தான் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போதே மனம் ஏசத் தொடங்குகிறது. 'கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன?' என்று இரவில் ஆற்காட்டு மக்கன் பேடா இரண்டு. காலையில் அலாரம் அடிக்கிறது, எழவில்லை. பிரியாணி ஒரு வேளையோடு முடிந்தது. ஏச்சுதான் மறுநாளையும் விழுங்கியது.

காட்சி: தட்டில் டோனட். அருகில் மிட்டாய்க் கிண்ணங்கள்.

குரல்: அமெரிக்காவில் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் இதையே சோதித்து 2007-இல் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவிகளுக்கு டோனட் கொடுத்தார்கள். சிலரிடம் மட்டும், 'இதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம், எல்லோரும் சாப்பிடுவதுதான்' என்ற பொருளில் இரண்டு வார்த்தை. பிறகு மிட்டாய். சாப்பாட்டில் கடும் கட்டுப்பாடு வைத்திருந்தவர்களில் யார் அதிகம் எடுத்திருப்பார்கள்? அந்த ஆறுதல் வார்த்தைகளைக் காதில் வாங்கியவர்கள் என்றுதானே நினைப்போம். அவர்கள்தான் குறைவாக எடுத்தார்கள்.

தன்னையே ஏசாமல் பரிவோடு நடத்துவதற்குப் பெயர் தன்பரிவு. இதற்கு 2003-இல் கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் இலக்கணம் வகுத்தார். தன்னிடம் கனிவு. 'எனக்கு மட்டுமா இப்படி?' என்ற தெளிவு. வலியை ஊதிப் பெருக்காமலும் மூடி வைக்காமலும் பார்ப்பது.

காட்சி: தையல்காரரின் அளவு நாடா.

குரல்: 'உடம்பை அப்படியே ஏற்றுக்கொண்டால் சர்க்கரை ஏறாதா?' நியாயமான கேள்வி. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் இந்தியர்கள் கவனிக்க வேண்டும் என்கிறது மருத்துவம். ஆனால் நாடாவைச் சுற்றிப் பார்க்கவே கூசினால் அந்த எண் எப்படித் தெரியும்? எடை பார்க்கும் இயந்திரத்தைக் கண்டு இரண்டு வருடம் ஒதுங்கிப் போனவன் நான். பரிசோதனைச் சீட்டும் அலமாரியிலேயே கிடந்தது.

காட்சி: மீண்டும் அகழியோரம். வெயில் ஏறுகிறது.

குரல்: அதே கல்யாணம், அதே மறுநாள். கத்திரி வெயில் காலம், வேலூரில் ஏழு மணிக்கு மேல் நடப்பது கடினம். தாமதமாகத்தான் எழுந்தீர்கள், பத்து நிமிடம் நடந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடத்தில் பத்து கழிந்தது. பிராயச்சித்தப் பட்டினி வேண்டாம். மதியம் வழக்கமான சோறு, குழம்பு, கீரை. அத்தை தொலைபேசியில் அழைத்தால், "பிரியாணி அருமை அத்தை" என்று சொல்லுங்கள்.