பங்குக்கு ஒரு சேமிப்புச் சங்கம்

மேதகு ஆயர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, இருவர் இருவராக ஏழைகளின் வீட்டுப் படியேறும் வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். சமூகப்பணி மைய இயக்குநர் தந்தை, வேறொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

வறுமை ஒழிப்பில் திருச்சபை அமைப்புகளின் பங்கைக் கல்வி, மருத்துவம், கடன் என்று மூன்றாகப் பிரித்துப் பேசலாம் என நினைத்து வந்தேன். ஆனால் "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்ற பழமொழியை நான் விடாமல் சொல்லி வருவது உங்களுக்குத் தெரியும். அதனால் மனம் மூன்றாவதிலேயே போய் நிற்கிறது.

பாரிசில் 1833இல் பிரடெரிக் ஓசானாம் என்ற மாணவர், நண்பர்களோடு வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபது வயது. ஏழைகளின் வீடுகளுக்கு வழிகாட்டியவர் ரோசலி ராந்தூ என்ற அருட்சகோதரி. 1897இல் ஜெர்மனியில் தொடங்கிய காரித்தாஸ் என்ற கத்தோலிக்க உதவி அமைப்பு, இன்று 160க்கும் மேற்பட்ட அமைப்புகளின் கூட்டமைப்பு. பெருமைதான். ஆனால் நாம் தரும் நிவாரணப் பொட்டலம் தீர்ந்ததும் அந்தக் குடும்பம் யார் வாசலில் போய் நிற்கிறது? வட்டிக்காரர் வாசலில். பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு இது அன்றே புரிந்திருந்தது. 1462இல் இத்தாலியின் பெருஜியாவில், குறைந்த வட்டிக்கு அடகுக்கடன் தரும் நிலையம் பிறக்க அவர்களே காரணம்.

இப்போது ஒரு கதை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மோந்திராகோன் என்ற சிற்றூர். உள்நாட்டுப் போர் முடிந்து எங்கும் வறுமை. 1941இல் அங்கே ஓர் இளம் குரு வந்தார், தந்தை அரிஸ்மெந்தியாரியெத்தா. சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். பிரசங்கமும் அவ்வளவாக வராது. சைக்கிளில் ஊரைச் சுற்றுவார். தொழிற்பள்ளி வேண்டும் என்று தெருமுனைகளில் பெட்டி வைத்தார். உதவ விரும்புகிறவர்கள் எழுதிப் போடலாம். போட்டார்கள். 1943இல் பள்ளி திறந்தது. அங்கே படித்த ஐந்து பேர் 1956இல் தங்கள் பெயர்களின் எழுத்துகளைச் சேர்த்து 'உல்கோர்' என்று ஒரு நிறுவனம் தொடங்கி, அடுப்பு செய்தார்கள்.

தந்தை அதோடு விடவில்லை. நமக்கென்று ஒரு சேமிப்பு வங்கி வேண்டும் என்றார். எங்களுக்கு எதற்கு வங்கி என்று தயங்கினார்கள் பிள்ளைகள். சிறுகக் கட்டாமல் பெருக வாழ முடியுமா? 1959இல் வங்கி வந்தது. மக்களிடம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "சேமிப்புப் புத்தகமா, பயணப்பெட்டியா?" இங்கே சேமியுங்கள், இல்லையேல் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். மக்கள் புத்தகத்தை எடுத்தார்கள். இன்று பல்லாயிரம் பேர் வேலை செய்யும் கூட்டுறவுக் குழுமமாக அந்த முயற்சி வளர்ந்து நிற்கிறது.

கல்வியும் மருத்துவமும் அப்படியே நிற்கின்றன. நேரமாகிவிட்டது, ஆயர் அவர்களும் பேச வேண்டும். அவரிடம் ஒரு விண்ணப்பம்: ஒவ்வொரு கோயில் பங்குக்கும் ஒரு சேமிப்புச் சங்கம், கணக்கு வழக்கு பெண்கள் கையில். சிறுகக் கட்டுவதில் அவர்களை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? வாசலில் நாங்களும் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே சீட்டும் பேனாவும் இருக்கின்றன. சேர விரும்புகிறவர்கள் பெயரை எழுதிப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.