ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை காசு?

நேயர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பொழுது விடியுமுன் தெருவில் இறங்கினால் முதலில் கண்ணில் படுபவை வேன்கள்தாம். ரொட்டி வேன், மீன் வேன், பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குச் சாமான் கொண்டுபோகும் வேன், இப்போது புதிதாகப் பார்சல் வேன். பால்மர (ரப்பர்) காலத்தில் இருந்த கூட்டம் இன்று தோட்டங்களில் இல்லை. இருந்தாலும் லிந்தாங், ஜாலோங் பக்கத்துக் கடைகளுக்கும் செம்பனைக்கு நடுவே இருக்கிற குடியிருப்புகளுக்கும் யாராவது சாமான் கொண்டுபோய்த்தானே ஆகவேண்டும்? நான் மளிகைச் சாமான் ஏற்றி இறக்குகிறவன். அதிகம் ஓடிய வேனை வைத்துத் தொழில் நடத்த என்ன செலவாகும், அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசச் சொல்லி வானொலியில் அழைத்திருக்கிறார்கள். அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “வேன் என்ன விலைண்ணே?” என்பதுதான். இரண்டாவது கேள்வி மாதத் தவணை. ஒரு கிலோமீட்டர் ஓடினால் எத்தனை காசு போகும் என்று யாரும் கேட்பதில்லை. அது தெரியாமல் ஒரு பார்சலுக்கு இவ்வளவு, ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிடுகிறார்கள். பிறகு மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று புலம்பல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.6 லிட்டர் பெட்ரோல் வேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 150 கிலோமீட்டர், மாதம் 26 நாள், ஆக 3,900 கிலோமீட்டர். சுமையோடு நின்று நின்று போகும் வேன் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 355 லிட்டர் எண்ணெய், அதாவது பெட்ரோல், அடிக்க வேண்டும். 2025 செப்டம்பர் கடைசியில் பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் தொடங்கியபோது, மைகாட் அடையாள அட்டையைக் காட்டினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 காசு, ஆளுக்கு மாதம் 300 லிட்டர் வரை என்று வைத்தார்கள். அதற்கு மேல் அடித்தால் 2 வெள்ளி 60 காசு. அந்த விலைப்படி முதல் 300 லிட்டருக்கு 597 வெள்ளி, மிச்சம் 55 லிட்டருக்கு 143 வெள்ளி, மொத்தம் 740 வெள்ளி. கிலோமீட்டருக்கு 19 காசு.

இனி மற்றதைப் பாருங்கள். எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற 150 வெள்ளி, 7,500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்றால் 2 காசு. நான்கு டயர் 1,000 வெள்ளிக்கு வாங்கி 40,000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டரைக் காசு. பிரேக், பேட்டரி, பிளக் எல்லாம் சேர்த்து 2 காசு. காப்புறுதியும் சாலை வரியும் வருடத்துக்கு 1,500 வெள்ளி என்றால் 3 காசுக்குச் சற்று மேல். எதிர்பாராத ரிப்பேருக்கு என்று 5 காசு தனியே எடுத்து வையுங்கள். கூட்டினால் முப்பத்து மூன்றரைக் காசு வருகிறது. தவணையும் உங்கள் சம்பளமும் இதில் இல்லை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இப்படி ஓர் எண் கையில் இருந்தால் பேச்சே மாறிவிடும். உள்ளே ஒரு தோட்டத்துக்கு 40 கிலோமீட்டர் போய்வர யாராவது 10 வெள்ளி கொடுக்கிறேன் என்றால், வேனுக்கு மட்டும் 13 வெள்ளி 40 காசு ஆகுமே என்று வாய் தானாகச் சொல்லும்.

இந்தக் கணக்கில் எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. கிலோமீட்டருக்கு 19 காசு தின்கிற எண்ணெய் விஷயத்தில் நாம் ஒன்றும் செய்வதில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் கடைக்காரரோடு அரட்டை அடிக்கிறோம். 2 காசு ஆகிற ஆயில் மாற்றுவதில் மட்டும் கஞ்சத்தனம் வந்துவிடுகிறது. 7,500-இல் மாற்ற வேண்டியதை 15,000 வரை தள்ளினால் மிச்சமாவது கிலோமீட்டருக்கு ஒரே ஒரு காசு, மாதம் 39 வெள்ளி. குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிட்டால் போய்விடும். பழைய ஆயில் கெட்டியாகி உள்ளே சேறுபோல் படிந்தால், தைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் ஒழுங்காகப் போகாது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சலசலவென்று சங்கிலிச் சத்தம் கேட்டால் போமேனிடம், அதாவது பட்டறை மெக்கானிக்கிடம், போக நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி ஒரு பக்கம் இருக்கட்டும். வேன் பட்டறையில் கிடக்கிற நாளெல்லாம் வாடகை வேனுக்குக் காசு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். போன வாடிக்கை திரும்பி வராது.

அதிகம் ஓடிய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும். அதற்குப் பயந்து வேனை விற்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஆயில் பழசானதால் செத்த எஞ்சினைவிட, ஆயில் குறைந்தது தெரியாமல் ஓட்டிச் செத்த எஞ்சின்தான் நம் பட்டறைகளில் அதிகம்.

அடுத்தது ரேடியேட்டர். நம் வெயிலுக்கு இதுதான் உயிர். குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டுகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். உள்ளே துரு பிடிக்கும், வாட்டர் பம்ப் சீல் போகும். கூலண்ட் ஒன்றும் கொள்ளை விலை இல்லை. அப்புறம் நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. எஞ்சின் சூடாகிறது என்று போனால் எஞ்சின் சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, “இனிச் சூடாகாது” என்பார்கள். சூடாகாதுதான். ஆனால் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கே வராமல் ஓடும். இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று வேனின் கணினி நினைத்துக் கூடுதலாக எண்ணெய் அடிக்கும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகிப் போகாது. சூடானதற்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரா, தளர்ந்த மூடியா, வேலை செய்யாத விசிறியா என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூடி சில வெள்ளிதான். அதைக் கவனிக்காமல் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்துபோனால் கதையே வேறு.

தோட்டத்துச் சாலையில் ஓடும் வேனுக்கு நகரத்து வேனுக்கு இல்லாத தொல்லைகள் உண்டு. வெயில் காலத்தில் செம்மண் தூசி. ஏர் ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை விட்டுவைக்க முடியாது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் திறந்து பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அதே மண் பின்சக்கர டிரம்முக்குள் போய்ப் பிரேக் ஷூவைத் தேய்க்கும். டிரம்மைக் கழற்றித் துடைத்துத் தரச் சொன்னால் சில போமேன்கள் முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை. குலை ஏற்றிய லோரிகள் போட்ட பள்ளத்தில் விழுந்து விழுந்து சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்ம் புஷ்ஷும் அதிர்வைத் தாங்கும் அப்சோபரும் சீக்கிரம் போகும். செம்பனை மட்டையின் முள் டயர் ஓரத்தில் ஏறினால் மெதுவாகக் காற்று இறங்கும், அன்றைக்குத் தெரியாது, மறுநாள் காலையில்தான் தெரியும்.

எலியை மறந்துவிட்டேன். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குக் குறைவே இல்லை. அதைப் பிடிக்கத்தானே தோட்டத்து நிர்வாகங்கள் மரக்கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கின்றன? இரவில் வேனைத் தோட்டத்து ஓரத்தில் நிறுத்தினால் எலி பானட்டுக்குள் புகுந்து வயரைக் கடித்துவிடும். காலையில் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும். பதற்றத்தில் கணினிப் பெட்டியே போய்விட்டது என்று நம்பி விடாதீர்கள். முதலில் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிக்குள் அரிசி, பருப்பு சிந்திக் கிடந்தால் அன்றன்றைக்கே கூட்டிவிடுவது இன்னும் நல்லது.

டயர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேனுக்குப் போடுவது அளவு எண்ணின் கடைசியில் ‘சி’ என்று எழுத்துள்ள சுமை டயர், 195ஆர்15சி போல. காருக்குரிய டயர் மலிவாக இருக்கிறதே என்று போட்டால், அரிசி மூட்டை ஏற்றிச் சூடான தார்ச்சாலையில் ஓடும்போது பக்கச் சுவர் தாங்காது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 1423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் செய்தது. கடைக்காரர் புதுசு என்று சொன்னாலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காற்று அளவு ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும், சுமை ஏற்றினால் பின்சக்கரத்துக்குத் தனி அளவு. காற்று குறைந்தால் எண்ணெய்ச் செலவு கொஞ்சம்தான் கூடும், டயர் ஓரம் தேய்ந்து சூடேறுவதுதான் ஆபத்து.

டீசல் வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது நினைவிருக்கும். குறிப்பிட்ட வகைச் சரக்கு வண்டிகளுக்கு மானிய அட்டை இருக்கிறது. உங்கள் வண்டி அதில் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் அடிக்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலும் கலந்திருக்கிறது. நம் தோட்டத்துக் குலைதான் சுற்றிவந்து நம் டாங்கியில் விழுகிறது. பயோடீசல் ஈரத்தை இழுக்கும். ஆகவே டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும், ஃபில்டரையும் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். தண்ணீர், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய்விட்டால் ஒரு மாத வருமானம் போய்விடும்.

பழைய வேன் வாங்குகிறவர்கள் மீட்டரையே உற்றுப் பார்க்கிறார்கள். மீட்டர் பாதிக் கதையைத்தான் சொல்லும், அதுவும் யாரும் திருப்பாமல் இருந்தால். நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் ஓடி 4 லட்சம் தொட்ட வேன், வீடு வீடாக நின்று ஒன்றரை லட்சம் ஓடிய வேனைவிட நல்ல நிலையில் இருக்கலாம். நிறுத்தம் அதிகமான வேனில் முதலில் தேய்வது எஞ்சின் இல்லை. கிளச், ஸ்டார்ட்டர், ஹேண்ட்பிரேக், பக்கத்துக் கதவின் ரோலர், ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்கத்து ஓரம் இவையெல்லாம்தான். இருக்கை ஓரம் பிய்ந்து, பெடல் ரப்பர் வழுக்கையாகி, மீட்டரில் மட்டும் 90,000 காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு எப்படியும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அது உங்களுக்காகச் செய்யும் எஞ்சின் சோதனை இல்லை. நம்பிக்கையான போமேனைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஆகும் காசு வீண்போகாது.

காப்புறுதியைத் தனியார் உபயோகம் என்று எடுத்துவிட்டுக் கூலிக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து என்று வந்தால் இழப்பீட்டை மறுக்க அதுவே போதும். வணிக வண்டிக்கு, கோரிக்கை இல்லாத வருடங்களுக்கான தள்ளுபடி 25 விழுக்காட்டில் நின்றுவிடும், காருக்குக் கிடைக்கும் 55 கிடைக்காது. சந்தா கூடுதல்தான். அதனால்தான் கணக்கில் 3 காசு போட்டேன்.

சரி, எப்போது வேனை விற்பது? ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை வேனிலேயே வையுங்கள். தேதி, மீட்டர், என்ன மாற்றியது, எவ்வளவு, எத்தனை நாள் நின்றது. ரிப்பேருக்கு ஒதுக்கிய 5 காசு, ஒரு வருடம் முழுக்க இரட்டிப்பாகப் போய்க்கொண்டிருந்தால், அந்தக் கூடுதலையும் வேன் நின்ற நாட்களின் நட்டத்தையும் கூட்டி, புது வேனின் தவணையோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பழைய வேன்தான் இன்னும் மலிவாக இருக்கும். அடிச்சட்டம் துரு பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம், விற்றுவிடுங்கள். விற்கும்போது அந்த நோட்டையும் கொடுங்கள், வாங்குகிறவர் கூடுதலாக நூறு இருநூறு வெள்ளி தயங்காமல் தருவார்.

வாய்ப்புக் கொடுத்த வானொலிக்கு நன்றி. வணக்கம்.