“என்னமோ பண்ணுது” என்று அவள் சொன்னால்

எல்லோருக்கும் வணக்கம். பிரசவ அறையில் நிற்கும் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும்தான் இங்கே அதிகம் வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். பிரசவத்தின்போது தாயைத் திடீரென்று சாய்த்துவிடும் ஓர் அரிய நிலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் இளம் மருத்துவராக இருந்தபோது, ஓர் இரவு ட்யூட்டி. இரண்டாவது பிரசவத்துக்கு வந்த பெண். கருப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருந்தது, குழந்தையின் துடிப்பும் நன்றாக இருந்தது. பனிக்குடம் உடைந்து அரை மணி நேரம் இருக்கும். திடீரென்று பக்கத்தில் நின்ற செவிலியரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர், எனக்கு என்னமோ பண்ணுது” என்றாள். வலி தாங்க முடியவில்லையா என்று கேட்டோம். “வலி இல்ல சிஸ்டர். என்னமோ பண்ணுது” என்று மறுபடியும் சொன்னாள். எழுந்து உட்காரப் பார்த்தாள். உதடு நிறம் மாறியது.

பிரஷர் மானிட்டர் எண் எதுவும் காட்டாமல் திரும்பத் திரும்பக் காற்றை ஏற்றிக்கொண்டே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையை, அதாவது கஃப்பை, கழற்றி அடுத்த கையில் கட்டினேன். விரலில் இருந்த ஆக்சிஜன் கிளிப்பைத் துடைத்து வேறு விரலில் மாட்டினேன். மெஷின் சரியில்லை என்று நினைத்தேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. காட்டுவதற்குத்தான் அவளிடம் பிரஷர் இல்லை. செவிலியர் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “டாக்டர், பல்ஸ் இல்ல” என்று கத்தி, கட்டிலில் ஏறி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். அந்தப் பெண் இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்தச் செவிலியர். நான் கஃப் மாற்றிய அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அவளுக்கு வந்ததுதான் அம்னியாட்டிக் ஃப்ளூயிட் எம்பாலிசம். பனிக்குட நீர் தாயின் ரத்தத்தில் கலப்பதால் வரும் நிலை. அரிதுதான். ஏறக்குறைய நாற்பதாயிரம் பிரசவங்களில் ஒன்று என்பார்கள். கணக்கெடுக்கும் விதத்தைப் பொறுத்து இது நிறையவே மாறும். பல மருத்துவர்கள் வாழ்நாளில் ஒன்றுகூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் முதன்முதலில் எதிரே வரும்போது கை கஃப்பைத் தேடுகிறது.

எம்பாலிசம் என்றால் ரத்தக் குழாயில் ஏதோ போய் அடைத்துக்கொள்வது. இந்தப் பெயரே நம்மைக் கொஞ்சம் திசை திருப்பிவிட்டது என்பது என் எண்ணம். 1926-ல் பிரேசிலில் மேயர் என்பவர் இதை முதலில் எழுதினார். 1941-ல் ஸ்டெய்னர், லஷ்பா என்ற இருவர், பிரசவத்தின்போது திடீரென்று இறந்த எட்டுப் பெண்களின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் குழந்தையின் தோல் செல்கள் இருந்ததைக் காட்டினார்கள். சரி, குழாயில் ஏதோ போய் அடைத்துக்கொண்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அப்புறம் பார்த்தால், எந்தப் பிரச்சினையும் இல்லாத கர்ப்பிணிகளின் ரத்தத்திலும் அதே செல்கள் கிடைத்தன. 1995-ல் கிளார்க்கும் அவரது குழுவும் 46 பேரின் விவரங்களை ஆராய்ந்து, இது அடைப்பு அல்ல, கடும் ஒவ்வாமையைப் போல உடல் தாறுமாறாகக் காட்டும் எதிர்வினை என்றார்கள். பெயரையே மாற்றச் சொன்னார்கள். பழைய பெயர்தான் நிலைத்தது.

இதை உறுதி செய்ய எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. பிரசவ வலியின்போதோ, நஞ்சுக்கொடி வெளியே வந்து அரை மணி நேரத்துக்குள்ளோ, திடீரென்று பிரஷர் விழுகிறது, மூச்சு திணறுகிறது, பிறகு ரத்தம் உறையாமல் ஓடுகிறது, காய்ச்சலும் இல்லை என்றால், இதுவாக இருக்கலாம் என்று சொல்கிறோம். அவ்வளவுதான். சில சமயம் தாய்க்கு எதுவும் தெரியும் முன்பே குழந்தையின் இதயத் துடிப்பு சட்டென்று இறங்கும். நுரையீரலில் ரத்தக்கட்டி, மருந்து ஒவ்வாமை, முதுகில் போட்ட மயக்க மருந்து மேலே ஏறிவிடுவது, மாரடைப்பு, வலிப்பு, இவற்றையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் யோசிப்பவர் ஒருவர், செய்பவர்கள் மற்றவர்கள் என்று இருக்கட்டும். முதல் ஐந்து நிமிட வேலை இவை எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நாடி இல்லையென்றால் நெஞ்சை அழுத்துவது உடனே தொடங்க வேண்டும். கூடவே ஒருவர் தம் இரண்டு கைகளாலும் கருப்பையை அவளுடைய இடப்பக்கமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். மல்லாந்து படுத்திருக்கும் நிறைமாதப் பெண்ணின் கருப்பை, இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையை நசுக்குகிறது. அதை விலக்காமல் எவ்வளவு அழுத்தினாலும் இதயத்துக்குள் ரத்தம் வந்து சேராது. கருப்பை தொப்புள் அளவுக்கோ அதற்கு மேலோ இருந்து, நான்கு நிமிடத்தில் நாடி திரும்பவில்லையென்றால், அதே கட்டிலிலேயே வயிற்றைத் திறந்து ஐந்தாவது நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்கப் பார்க்க வேண்டும். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடாதீர்கள். குழந்தையின் துடிப்பைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு கத்தி போதும். தலை நன்றாக இறங்கியிருந்து, கருவி போட்டு உடனே எடுத்துவிட முடியுமென்றால் அப்படி எடுங்கள். குழந்தைக்காகச் செய்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதலில் அது தாய்க்காகச் செய்வது.

நாடி திரும்பியதும் ஒரு பெரிய தவறு நடக்க வாய்ப்பு உண்டு. பிரஷர் குறைவாக இருக்கிறதே என்று சலைன் பாட்டில்களைத் திறந்துவிடுவோம். இங்கே நடப்பது வேறு. நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகிவிடுகின்றன. லேசான வேலைக்கே பழகிய வலது இதயம் அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் பலூன் மாதிரி உப்புகிறது. நடுச்சுவரை இடப்பக்கமாகத் தள்ளி, இடது இதயத்துக்கு இடமே இல்லாமல் செய்கிறது. எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பார்க்க வசதி இருந்தால் இது கண்ணுக்கே தெரியும். இந்த நிலையில் சலைனைக் கொட்டினால் உப்பிய இதயம் இன்னும் உப்பும். நார்அட்ரினலின் கொடுத்துப் பிரஷரைத் தாங்க வேண்டும். இதயத்துக்கு உந்துதல் தர டோபுடமின் உதவும். பின்னர் இடது இதயமும் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கலாம்.

அடுத்தது ரத்தப்போக்கு. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை எடுத்தால் மறுபடியும் கசியும். ஈறில் கசியும். கருப்பையும் சுருங்காமல் தொளதொளவென்று கிடக்கும். ஆய்வகத்திலிருந்து முடிவு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். சுத்தமான, உலர்ந்த சாதாரணக் கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடம் கழித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், அப்புறம் நிமிடத்துக்கு ஒருமுறை. ஏழு நிமிடமாகியும் தண்ணீர் மாதிரி ஓடினாலோ, உறைந்தது லேசாகத் தட்டினாலே உடைந்தாலோ, உறையும் சக்தி போய்விட்டது என்று அர்த்தம். அன்றிரவு அந்தக் குழாயைப் பிடித்திருந்தது என் கை. ஏழாவது நிமிடம் சாய்த்தேன், அப்படியே சரிந்து ஓடியது.

ஆய்வகக் காகிதம் வந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் 200 மி.கி./டெ.லி. என்று வந்தால், அச்சிட்ட வரம்புக்குள் இருக்கிறதே என்று நிம்மதி அடையத் தோன்றும். நிறைமாதத்தில் அது 400-க்கு மேல் இருக்க வேண்டியது. அப்படியென்றால் பாதி ஏற்கெனவே போய்விட்டது. ரத்தம், பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்; ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோவையும் சீக்கிரம் சொல்லி வையுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், கருப்பையைச் சுருக்க ஆக்சிடோசின், தேவைப்பட்டால் கருப்பைக்குள் வைத்து அழுத்தும் பலூன். அதற்கும் நிற்கவில்லையென்றால் கருப்பையை எடுக்கும் முடிவைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த நிலைக்கு அட்ரோபின், ஆண்டான்செட்ரான், கெட்டோரொலாக் என்ற மூன்று மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள்தான் இதற்கு ஆதாரம். அதைத் தேடி எடுப்பதற்காக நெஞ்சை அழுத்தும் கை நிற்கக் கூடாது என்பது மட்டும் என் கருத்து.

யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் கர்ப்பிணிகளை இதைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். உங்கள் அறையில் கத்தி எங்கே இருக்கிறது, ரத்த வங்கிக்கு யார் போன் செய்வது, நேரத்தை யார் சத்தமாகச் சொல்வது என்பதை ட்யூட்டி தொடங்கும்போதே பேசி வையுங்கள்.

அந்தப் பெண் மூன்றாவது நாள் கண் விழித்தாள். குழந்தையைக் கையில் கொடுத்தபோது அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை. இது தன் குழந்தைதானா என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னவர் அதே செவிலியர்தான். “நீதான்மா முதல்ல சொன்ன, என்னமோ பண்ணுதுன்னு” என்றார்.