நயாகராவில் பாசிமணி விற்கும் உரிமை யாருக்கு?

19ஆம் நூற்றாண்டில் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போனவர்கள் ஊருக்கு என்ன வாங்கிப் போனார்கள் தெரியுமா? பாசிமணி தைத்த வெல்வெட் பை, பறவை வடிவக் குண்டூசித் திண்டு. இவற்றைத் தைத்து அருவிக்கரையில் விற்றவர்களில் டஸ்கரோரா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் பெண்கள் முக்கியமானவர்கள். அந்த உரிமைக்குப் பின்னால் ஒரு போர்க்கதை இருக்கிறது.

முதலில் பின்னணி. டஸ்கரோரா மக்களின் பூர்வீகம் வட கரோலினா. நிலப்பறிப்பும் அடிமை வியாபாரமும் பொறுக்காமல் 1711இல் ஐரோப்பியக் குடியேறிகளுடன் போரிட்டார்கள். 1713இல் அவர்களின் நியோஹெரோகா கோட்டை வீழ்ந்தது. பிழைத்தவர்களில் பலர் வடக்கே போய், 1722 வாக்கில் பூர்வகுடித் தேசங்கள் சேர்ந்த இரோகுவாய் கூட்டமைப்பின் ஆறாவது தேசமானார்கள்.

இப்போது அந்தப் பையை நெருக்கத்தில் பாருங்கள். காகிதத்தில் வெட்டிய பூவை வெல்வெட்டின் மேல் வைத்து, அதை மூடித் தைக்கிறார்கள். நிரப்ப வேண்டிய இடத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே ஊசியில் மணி கோக்கிறார்கள். நூலை இழுத்துக் குத்தியதும் சரம் துணியில் படியாது. வில்லாக வளைந்து எழும்பி நிற்கும். வரிசை வரிசையாக இப்படித் தைக்கத் தைக்க, இலையும் இதழும் புடைத்துக்கொண்டு வரும். மணிகள் ஐரோப்பியக் கண்ணாடி. கைவண்ணம் முழுக்க இவர்களுடையது. இதை வெறும் சுற்றுலாப் பொருள் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியாது.

போர்க்கதைக்கு வருவோம். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1813 டிசம்பர் 19. பிரிட்டிஷ் படை நயாகரா ஆற்றைக் கடந்து அமெரிக்கக் கரையிலிருந்த லூயிஸ்டன் ஊருக்குத் தீ வைத்தது. மேட்டிலிருந்த டஸ்கரோரா வீரர்கள், எண்ணிக்கையில் குறைவாக இருந்தும், இறங்கி வந்து படையைத் தடுத்து நிறுத்தினார்கள். ஊர்மக்கள் தப்பினார்கள், டஸ்கரோராக்களின் சொந்தக் கிராமம் எரிந்தது. அதற்கு நன்றியாகவே, அருவிப் பக்கத்து நிலத்துக்குச் சொந்தக்காரர்களான போர்ட்டர் குடும்பத்தார் பாசிமணி விற்கும் உரிமையைத் தந்தார்கள் என்று டஸ்கரோரா குடும்பங்கள் சொல்லி வருகின்றன. 2013இல் லூயிஸ்டனில் அந்த வீரர்களுக்கு நினைவுச் சின்னமும் எழும்பியது.

ஆனால் இடையில் நடந்ததை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. நயாகரா மின்திட்டத்தின் நீர்த்தேக்கத்துக்காக இதே மக்களின் நிலத்தை எடுக்கலாம் என்று 1960இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய தேசங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று மாறுபட்டு எழுதினார் நீதிபதி ஹியூகோ பிளாக். நிலம் நீரில் மூழ்கியது.

அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு பையைக் கண்டால் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நேராகப் பார்த்தால் புடைப்பு அவ்வளவாகத் தெரியாது. தாய்வழியாக வரும் அவர்களின் குலமுறைக்கும் லக்ராஸ் ஆட்டத்துக்கும் தனி வீடியோ வேண்டும். எது முதலில் வர வேண்டும் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.