அரசு பயந்த நோட்டுப் புத்தகம்

அவையோருக்கு வணக்கம். கொடுங்கோல் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் நாவல்களில் அதிகாரமும் விடுதலையும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பேசுகிறவர்கள் வழக்கமாகக் கண்காணிப்புத் திரையையும் சித்திரவதைக் கூடத்தையும்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன்.

யெவ்கேனி ஸம்யாட்டின் என்ற ரஷ்யர், பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் கப்பல்களைக் கட்டிய எஞ்சினியர். 1920-21இல் 'நாம்' என்ற நாவலை எழுதினார். கதை நடக்கும் நாட்டில் மனிதர்களுக்குப் பெயரில்லை, எண்தான். வீடுகளுக்குக் கண்ணாடிச் சுவர். திரையை இறக்கிவிட வேண்டுமென்றால் இளஞ்சிவப்புச் சீட்டு வேண்டும். ஒரு வாய்ச் சோற்றை ஐம்பது தடவை மெல்ல வேண்டும் என்பதுகூட விதி.

கதை சொல்லும் டி-503 கிளர்ச்சிக்காரன் இல்லை. விண்கலம் கட்டும் கணித வல்லுநன். வேற்றுக் கோள்களில் இருப்பவர்களுக்கு நம் அரசின் பெருமையை எழுதுங்கள் என்று அரசே கேட்கிறது. விசுவாசத்தோடு எழுத உட்காருகிறான். இந்த இடத்தில்தான் ஸம்யாட்டினின் மேதைமை. எழுத எழுத, தனக்குள் அட்டவணைக்கு அடங்காத ஒருவன் இருப்பது அவனுக்கே தெரியவருகிறது. ஐ-330 என்ற பெண்மேல் காதல் வருகிறது, பொறாமை வருகிறது, கனவு வருகிறது. மருத்துவரிடம் போனால், 'உங்களுக்கு ஆன்மா உண்டாகிவிட்டது' என்று நோயைச் சொல்வதுபோலச் சொல்கிறார்.

கடைசியில் கற்பனையை அகற்றும் சிகிச்சை அவனுக்கு நடக்கிறது. பிறகு எழுதும் இறுதிக் குறிப்பில், கையெழுத்து என்னுடையதுதான், நல்லவேளையாகக் கையெழுத்து மட்டும்தான் என்கிறான். காதலித்தவளைக் கண்ணெதிரே வதைக்கிறார்கள். அவள் வாய் திறக்கவில்லை. அதைச் சலனமில்லாமல் எழுதி வைக்கிறான். நான் படித்த சித்திரவதைக் காட்சிகள் எதுவும் இந்தப் பக்கத்துக்கு ஈடாகாது.

ஜார்ஜ் ஆர்வெல் இந்த நாவலைப் படித்து 1946இல் மதிப்புரை எழுதினார். 1949இல் அவருடைய '1984' வந்தது. அதிலும் தொடக்கம் ஒரு டைரிதான். கண்காணிப்புத் திரையின் பார்வை படாத மூலையில் உட்கார்ந்து கதாநாயகன் வின்ஸ்டன் எழுதுகிறான். அங்கே சட்டமே கிடையாது, அதனால் டைரி எழுதுவது குற்றமும் இல்லை. ஆனால் பிடிபட்டால் மரணம், மரணத்துக்குத் தப்பினாலும் 25 வருடம் கட்டாய உழைப்பு முகாம்!

மார்கரெட் அட்வுட்டின் 1985ஆம் ஆண்டு நாவல் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. அதில் பெண்கள் படிக்கவே கூடாது. கடைப் பலகைகளில்கூட எழுத்துக்குப் பதிலாகப் படம். இறைச்சிக் கடை வாசலில் மரத்தில் செய்த இறைச்சித் துண்டு தொங்குகிறது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டத்தைச் சேர்ந்த அதிகாரியே, ராத்திரி ரகசியமாகத் தன் அறைக்குக் கதை சொல்லும் பெண்ணை வரவழைத்து எழுத்துகளைக் கோத்து விளையாடும் ஸ்கிராபிள் ஆடுகிறான்.

தனியாக உட்கார்ந்து எழுதுகிறவனால் எந்த ஆட்சி கவிழ்ந்தது என்று கேட்கலாம். '1984' நாவலிலேயே பதில் இருக்கிறது. வின்ஸ்டனை ஒரே குண்டில் கொன்றிருக்கலாம். ஆனால் அவனை வதைக்கும் அதிகாரி ஓ'பிரையன் மெனக்கெட்டு அவன் மனத்தை மாற்றப் பார்க்கிறான். பயந்து பணிந்தால் அந்த அதிகாரத்துக்குப் போதாது; மனம் ஒப்பிப் பணிய வேண்டும். ஒருவன் தான் கண்டதைத் தன் வார்த்தையில் எழுதிவைத்தால், அந்த ஒப்புதல் இன்னும் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

ஸம்யாட்டினுக்கு இது கற்பனை மட்டுமல்ல. ஜார் ஆட்சியில் சிறைப்பட்டவர். 1922இல் புரட்சி அரசும் அவரை அதே சிறையில் அடைத்தது. எழுத விடாமல் தடுப்பது எழுத்தாளனுக்கு மரண தண்டனை என்று 1931இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி, நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டார். எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி பரிந்து பேசினார், அனுமதி கிடைத்தது. 1937இல் பாரிஸில் இறந்தார். 'நாம்' 1924இலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அவர் பிறந்த நாட்டில் அச்சாக 1988 வரை ஆயிற்று.