முகம் காட்டுகிற தகப்பன்

(களியக்காவிளை அருகே ஒரு சபையில், தந்தையர் ஞாயிறு மாலை ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பேசியது)

கர்த்தருக்குள் பிரியமான சகோதரர்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தம்பிமாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

தகப்பன் என்றதும் நாம் வழக்கமாகத் திறப்பது லூக்கா 15. கெட்டுப்போன மகனைத் தூரத்தில் கண்டதுமே ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்ட அப்பா. ஆனால் நம்மில் பலருடைய வீடு 2 சாமுவேல் 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதனால் இன்றைக்குத் தாவீது ராஜாவின் வீட்டுக்குப் போவோம்.

தாவீதின் மூத்த மகன் அம்னோன் தன் தங்கை தாமாருக்குச் செய்த கொடுமை காதில் விழுந்தபோது தாவீதுக்குக் கடுங்கோபம் வந்தது. அவ்வளவுதான். மகனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதாக வேதத்தில் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, தாமாரின் கூடப்பிறந்தவனான இன்னொரு மகன் அப்சலோம் அந்த அண்ணனைக் கொல்லவைத்துவிட்டுக் கேசூருக்கு ஓடினான். மூன்று வருஷம் அங்கேயே கிடந்தான். தாவீதின் படைத்தலைவன் யோவாப் தந்திரம் பண்ணி அவனைத் திரும்ப அழைத்துவர வழிசெய்தால், மகன் தன் வீட்டுக்குப் போகட்டும், என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்கிறார் அப்பா. இருவரும் ஒரே எருசலேமில் இருக்கிறார்கள். இரண்டு வருஷமாக அவன் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் யோவாபின் வாற்கோதுமை வயலுக்குத் தீ வைத்த பிறகுதான் அரண்மனைக்குள் போக முடிந்தது. அப்பா முத்தமிட்டார். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே மகன் பட்டணத்து வாசலில் நின்று அப்பாவுக்கு எதிராக ஆள் சேர்க்கிறான்.

அப்புறம் அந்தக் கலகத்தில் அவன் செத்த செய்தி வந்ததும், உனக்குப் பதிலாக நான் செத்திருக்கலாமே மகனே என்று மேல்வீட்டில் ஏறி அழுதார் தாவீது. பாசம் இல்லாத அப்பாவா அவர்? பாசம் மலைபோல இருந்தது. மகன் உயிரோடிருந்தபோது அது அவனிடம் போய்ச் சேரவில்லை. இன்னொரு மகன் அதோனியாவைக் குறித்தும் வேதம் அப்படித்தான் சொல்கிறது, ஏன் இப்படிச் செய்தாய் என்று தகப்பன் ஒருநாளும் அவனைக் கடிந்துகொண்டதில்லையாம்.

நம் ஊர் அப்பாமாருக்கும் இந்த இரண்டு பழக்கமும் உண்டு. கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம். இல்லையென்றால் மாதக்கணக்கில் பேச மாட்டோம். சாப்பாடு போடச் சொல்வதும் அம்மா மூலம், பீஸ் கட்டுவதும் அம்மா மூலம்.

இங்கே ரப்பர் வெட்டப் போகிறவர்கள் பாதிப்பேர் இருக்கிறீர்கள். கத்தி பட்டையில் மேலோட்டமாகப் போனால் பால் வடியாது. ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், திரும்ப அங்கே வெட்டுவது கஷ்டம். விடியுமுன் ஹெட்லைட் வெளிச்சத்தில் இந்த அளவை உங்கள் கை அறிந்திருக்கிறது. பிள்ளையைக் கண்டிக்கிற நாவுக்கும் அதே அளவைக் கேட்கிறார் பவுல். கொலோசெயர் 3:21. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள். கண்டிக்காதே என்று அவர் சொல்லவில்லை, அவன் மனம் விட்டுப்போகிற அளவுக்கு இறங்காதே என்கிறார். சொந்தக்காரர் முன்னால் மார்க்கைச் சொல்லி அவமானப்படுத்துகிற அப்பா கட்டையைத் தொட்டுவிட்டார்.

சரி, சந்தோஷத்தைப் பேசாமல் பொறுப்பை மட்டும் பேசினால் அது வசனத்துக்கே நியாயமில்லை. பிள்ளைகள் கர்த்தரால் வருகிற சுதந்தரம் என்கிறது சங்கீதம் 127. சுதந்தரம் என்றால் சொத்து. குடும்ப ஜெபத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கு முறை வரும்போது கவனித்திருக்கிறீர்களா? கண்ணை இறுக மூடி, "கண்ணின் மணிபோல எங்களைக் காத்துவந்த தயவுக்காக ஸ்தோத்திரம்" என்று தொடங்கும். அப்பா சொல்கிற அதே வார்த்தை, அதே இழுப்பு. நடுவில் ஆட்டுக்குட்டியின் கால்வலிக்கும் ஒரு விண்ணப்பம். கேட்கிற அப்பாவுக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். அந்த வாய் நாளைக்கு நம் வசவையும் அதே இழுப்போடு திருப்பிச் சொல்லும் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் இருக்கிற அப்பாமாரை நான் குறையே சொல்ல மாட்டேன். நமக்கு எட்டு மணி என்றால் துபாயில் ஆறரை. கேம்ப்புக்குத் திரும்புகிற பஸ்ஸில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, போன் திரையில் வீட்டாரோடு கீர்த்தனை பாடுகிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் அப்பா முகத்தைப் பார்க்கிறார்கள். அதே நேரத்தில் இங்கே சொந்த வீட்டுச் சோபாவில் இருக்கிற அப்பாவின் முகமும் போனில்தான். எழுந்திருக்கும்போதும் நடக்கும்போதும் பிள்ளையோடு பேசு என்கிறது உபாகமம் 6. அதற்கு வாயும் காதும் காலியாக இருக்க வேண்டாமா?

இன்னொன்றை மனவலியோடு சொல்கிறேன். பெண்பிள்ளை பிறந்தால் நம் பக்கத்தில் முதலில் போடுவது பவுன் கணக்கு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. இந்த மண் இருந்த பழைய திருவிதாங்கூரில், 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அதுதான் என்றது. கேரளத்தில் மேரி ராய் என்கிற கிறிஸ்தவப் பெண் வழக்குப் போட்டு, 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் சம பங்கு வாங்க வேண்டியிருந்தது. வேதத்தில் வருகிற யோபு எந்தக் கோர்ட்டும் சொல்லாமலே தன் மகள்களுக்கு அவர்களுடைய சகோதரர்களின் நடுவே சுதந்தரம் கொடுத்தான். மகனைப் பெற்ற சகோதரர்களே, நாளைக்குப் பெண் பார்க்கப் போகும்போது எத்தனை பவுன் என்று கேட்கிறவர் நீங்களாக இருக்க வேண்டாம். அதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு உங்கள் ஜெபம் எதைக் கற்றுக்கொடுக்கும்?

முடிவாக ஒரு காரியம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ வீடுகள் அப்பாவை இழந்தன. எளியவர்களுக்கு நான் தகப்பனாயிருந்தேன் என்று யோபு சொன்னது நமக்கும்தான். நம் சபையிலேயே திடப்படுத்தல் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் அப்பா பக்கத்தில் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலம், வகுப்பு முடிய இருட்டிவிடுகிறது. வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் சனிக்கிழமைதோறும் அவர்களைப் பத்திரமாகக் கொண்டுவிடவும், மாதத்தில் ஒருநாள் உங்கள் பிள்ளையோடு உட்காரவைத்துச் சோறு போடவும் முடிகிறவர்கள் செயலரிடம் பெயர் கொடுங்கள். நோட்டு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது, என் பெயரை எழுதிவிட்டேன்.