அம்மா பேரில் ஒரு புல்லட்

நடுவர் அவர்களுக்கும், சீனியர் வக்கீல்களுக்கும், சாப்பாட்டு நேரம் நெருங்கியும் எழுந்து போகாத கடலூர் சபைக்கும் வணக்கம். 'ஜீவனாம்சம்: உரிமையா, சுமையா?' நான் உரிமை அணி. முன்னுரை முடிந்தது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், ஜீவனாம்சம் என்பது "லீவு லெட்டரே கொடுக்க வேண்டாத கவர்மெண்ட் வேலை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பின் வரிசையில் ஒருவர் விசிலே அடித்தார், பார்த்துவிட்டேன்.

சார், கவர்மெண்ட் வேலை என்றால் மாதம் பிறந்தால் சம்பளம் வரும். இந்த வேலையில் வாய்தாதான் வரும். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் எதிர்த்தரப்பு கைக்குப் போன 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். பண்ருட்டிப் பக்கம் ஒருவர். பேர் வேண்டாம். "வருமானம் இல்லை, அம்மா தயவில் சாப்பிடுகிறேன்" என்று மனைவியின் ஜீவனாம்ச மனுவுக்கு கவுன்டர், அதாவது பதில் மனு, போட்டிருந்தார். குறுக்கு விசாரணையில் கேட்டேன்.

"வாசலில் நிற்கிற கார் யாருது?"

"அம்மாவுது."

"முந்திரிக் கொட்டை உடைக்கிற கம்பெனி?"

"அம்மாதான் நடத்துறாங்க."

"அம்மாவுக்கு என்ன வயசு?"

"74. முழங்கால் வலி."

"இன்னைக்கு நீங்க வந்த புல்லட்?"

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் அம்மாவுதுதான்."

நினைத்துப் பாருங்கள் நடுவரே. 74 வயசு, முழங்கால் வலி. விடிந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லட்டை உதைக்கிறார். முந்திரித் தோப்பு வழியே டப்பு டப்பு என்று போகிறார். லோடு ஏற்றி அனுப்புகிறார். நான் விட்டேனா? "ஜிம்முக்குப் பணம் கட்டின ரசீது இருக்கே?" அதுவும் அம்மா பேர்! சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அம்மா தண்டால் எடுக்கிறார்! டைப்பிஸ்ட் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். ஜட்ஜ் ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

இந்த மாதிரி அம்மாக்களுக்காகத்தான் 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், சொத்து, கடன் விவரத்தை இரண்டு பக்கமும் பிரமாணப் பத்திரமாகக் கொடு என்றது. மனுப் போட்ட தேதியிலிருந்தே பணம் என்றது. "பொண்டாட்டி சம்பாதித்தால்?" என்று நண்பர் கேட்டாரே, அதுவும் அந்தப் பத்திரத்தில் வந்துவிடும். இந்து திருமணச் சட்டம் 24-வது பிரிவில் கணவனே ஜீவனாம்சம் கேட்கலாம். கேளுங்கள், யார் தடுத்தது?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கு இருந்த நம் பழைய 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 144 ஆகிவிட்டது. முன்பு 144 என்றால் நாலு பேர் கூடாதே என்பார்கள். இப்போது, கூட இல்லாவிட்டாலும் சோறு போடு என்கிறது. அதில் பெற்றவர்களும் கேட்கலாம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா, மகன் மேல் மனுப் போட வந்தார். மஞ்சள் பையிலிருந்து மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். "மாசம் எவ்வளவும்மா கேட்கலாம்?" என்றேன். "தொகையை நீங்களே போடுங்கம்மா. பேங்க்ல போடச் சொல்லாதீங்க. அவனே கொண்டாந்து கையில குடுக்கணும்னு எழுத முடியுமா?" என்றார்.

அப்படி ஒரு பிரேயர், அதாவது மனுவில் கேட்கிற கோரிக்கை, எழுத எனக்குத் தெரியவில்லை நடுவரே. கணக்கு நம்பரைத்தான் எழுதினேன்.

எதிரணி நண்பரே, அந்த அம்மா முகத்தைப் பார்த்து ஒரே ஒருமுறை 'சுமை' என்று சொல்லிவிடுங்கள். மனுவை வலியுறுத்தவில்லை என்று கோர்ட்டில் சொல்வோமே, அந்த 'நாட் பிரஸ்'ஸை என் பேச்சுக்கு நானே போட்டுவிட்டு உட்காருகிறேன்.